எட்டாம் நம்பர்

"இந்த அத்தியாயம் இன்னொரு தடவை திரும்பி வந்தா என் வேலை போயிரும் அத்தை," லேப்டாப்பை முறைத்தபடி பொரிந்தாள், வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குப் புத்தகம் டைப் செய்யும் டார்லின். "இங்கிலீஷ் வாக்கியத்துக்கு நடுவுல வருத 'டேஷ்' கோட்டை நான் எழுத்தோட ஒட்டி வைக்கேன். சரிபார்க்குத எட்டாம் நம்பர், ரெண்டு பக்கமும் இடைவெளி விட்டுத் திருப்பி அனுப்புதான்."

"பிரிட்டிஷ்காரன் இடைவெளி விட்டுத்தான்ட்டி போடுவான்," வெங்காயம் உரித்தபடியே சொன்னாள் மாமியார் லில்லி. பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

"இது அமெரிக்கப் புத்தகம்லா. ஒட்டித்தான் வைக்கணும். அந்த அறிவுகெட்ட கிழவனுக்கு அது தெரியல."

"யாருன்னு கம்பெனியில கேளேன்."

"பேரெல்லாம் சொல்ல மாட்டாங்க. எல்லாருக்கும் நம்பர்தான்."

"அப்படி என்ன புத்தகம்?"

"வான்கோழி வளர்ப்பு."

லில்லியின் கை நின்றது. "பிரசங்கம் கேக்கணும்," என்று தன் லேப்டாப்போடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டார்லின் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, அத்தியாயத்தை அனுப்பினாள்.

மாமியார் அறைக்குள் 'டிங்' என்று சத்தம் கேட்டது.

"வந்துட்டு," என்றது உள்ளிருந்து குரல். "கோட்டை ஒட்டியே விட்டுருதேன், உன் வேலை போகாது. நீ சொன்னதுல ஒரே ஒரு திருத்தம்தான் பாக்கி. கிழவன் இல்லட்டி, கிழவி."