முதலாளியின் சம்மதம்

“சொல்லுங்கய்யா! பா... பூ... உதட்டை ஒட்டிச் சொல்லுங்க!”

“ஏய், கத்தாதே! காலங்காத்தால வாயில்லாத மனுஷனைப் போட்டு என்னடி வதைக்கிறே?”

முதல் குரல் சிஸ்டருடையது. இரண்டாவது அந்த வீட்டு மருமகளுடையது. தெருவில் பாதிப் பேருக்கு அலாரமே இந்தச் சண்டைதான்.

பக்கவாதம் வந்ததில் பெரியவருக்கு ஒரு கையும் காலும் போய், பேச்சும் போயிற்று. அவரைப் பார்த்துக்கொள்ளக் கடல் தாண்டி வந்த பெண் சிஸ்டர். வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்கும் பெர்மிட்டை நோயாளி பெயரில் கேட்டால் வரி இல்லை, சீக்கிரமும் கிடைக்கும் என்று மகன் அப்பா பெயரில் எடுத்து அவளை வரவழைத்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தான்.

பெற்ற பிள்ளை தொடக் கூசுகிற உடம்பை அவள்தான் குளிப்பாட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள். ஏனம்மா அவரிடம் போய்க் கத்துகிறாய் என்று கேட்டால், “பேச்சுப் பயிற்சி” என்பாள். தெரு நம்பவில்லை. நம்பிவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது?

“அவரை அப்புறம் பாரு. எங்கம்மா வீட்டுல பாத்திரம் குவிஞ்சு கிடக்கு. கிளம்பு,” என்றாள் மருமகள். சல்லடையை இரவல் கொடுப்பதுபோலச் சிஸ்டரைத் தாய்வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் கொடுத்து வாங்குவது அவள் வழக்கம்.

“போக மாட்டேங்க்கா. நான் வந்தது ஐயாவைப் பாக்க. ஊர்ல எல்லார் வீட்டுப் பாத்திரமும் தேய்க்க இல்ல. முதியோர் இல்லத்துல நர்ஸ் வேலை தர்றேன்னுட்டாங்க. என்னை விட்டுடுங்க.”

மகன் பல் துலக்கிக்கொண்டே வந்து நுரையோடு சிரித்தான். “எங்க போவே? பாஸ்போர்ட் என் பீரோவுல இருக்கு. முதலாளி சம்மதிக்காம நீ வேலை மாற முடியாது, அதுதான் சட்டம். மீறி வாசல் தாண்டினே, ஒரே ஒரு போன். ஏர்போர்ட்ல கொண்டு விட்டுடுவாங்க.”

“தெரியும். அதான் நானே போன் பண்ணிட்டேன்.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, காலிங் பெல் அடித்தது. மகன் நுரையை விழுங்கினான்.

குடியேற்றத் துறை அதிகாரி அம்மாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். பாஸ்போர்ட்டைக் கேட்டாள். பீரோ திறக்கப்பட்டது.

“தொலைஞ்சுடப் போகுதேன்னு பத்திரமா வெச்சிருந்தோம் மேடம்.”

“நல்ல பத்திரம்! அதுக்குத் தனியா கவனிக்கிறேன். முதலாளி யாரு?”

“நான்தான்.”

“நீங்க இல்லியே. பெர்மிட் உங்கப்பா பேர்லதானே இருக்கு? அவர்தான் முதலாளி. அவர் சம்மதிச்சாத்தான் இந்தப் பொண்ணு வெளிய போகலாம். வாயால சொல்லணும். கைநாட்டெல்லாம் செல்லாது. அதை யாரு வேணா உருட்டி எடுக்கலாம்.”

மகன் முகத்தில் போன ரத்தம் திரும்பி வந்தது. “தாராளமா கேளுங்க மேடம். எத்தனை தடவை வேணாலும் கேளுங்க!”

எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பெரியவரைப் பார்த்ததும் சிஸ்டரின் குரல் இறங்கிவிட்டது. “வேணாம் மேடம்... நான் போயிட்டா இவரை யாரு புரட்டிப் போடுவாங்க? முதுகெல்லாம் புண்ணாயிடும்.”

“நீ சும்மா இரும்மா. ஐயா, இந்தப் பொண்ணு வேற வேலைக்குப் போக உங்களுக்குச் சம்மதமா?”

பெரியவர் தாடை நடுங்கியது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. மருமகள் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள். உதடு ஒட்டியது, பிரிந்தது, மறுபடி ஒட்டியது.

“போ.”

மருமகளின் கை வாயிலேயே நின்றுவிட்டது. சிஸ்டர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “ஐயா!” என்று அவள் அழ, அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெரு இரண்டாகப் பிரிந்தது. “பாவம், தனக்கு நாதியில்லேன்னாலும் அந்தப் பொண்ணாவது பிழைக்கட்டும்னு விட்டுட்டாரு” என்றது ஒரு பாதி. “வாய் வந்ததும் முதல் வேலையா விரட்டினாரு பாத்தியா” என்றது மறுபாதி.

சிஸ்டர் போன பிறகு, பூனையாகக் கிடந்த மனிதர் புலியானார். கஞ்சியை மருமகள் முகத்திலேயே துப்பினார். மாற்றிய விரிப்பை மாற்றிய கையோடு நனைத்தார். நல்ல கையால் அவர் எறிந்த கிண்ணம், விசாரிக்க வந்த சம்பந்தியம்மாளின் நெற்றியைப் பதம் பார்த்தது. ஏக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று இந்தத் தடவை தெருவின் இரண்டு பாதியும் ஒத்துப்போயின.

பாஸ்போர்ட் விவகாரத்தால் வேறு ஆள் வரவழைக்க மகனுக்குத் தடை விழுந்திருந்தது. உள்ளூர் ஆளோ, கிண்ணக் கதையைக் கேட்டதும் வாசலோடு திரும்பியது. கடைசியில் அப்பாவை வேனில் ஏற்றி முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டு வந்தான். ஊரில் இருப்பது அந்த ஒன்றுதான். வீட்டு வேலைக்கும் ஆளில்லாமல் மறு மாதமே வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமியார் வீட்டோடு போய்ச் சேர்ந்தான். இப்போது அங்கே பாத்திரம் அவன் பாடு.

இல்லத்தில் பெரியவர் ஒரு பருக்கை துப்பவில்லை. சிஸ்டர் ஊட்டிய கஞ்சியைக் கிண்ணம் காலியாகும் வரை குடித்தார். அவர் வாயைத் துடைத்துவிட்டு அவள் கேட்டே விட்டாள்.

“ஏன்யா அன்னிக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி போன்னுட்டீங்க? எவ்வளவு அழுதேன் தெரியுமா?”

பெரியவர் உதட்டைக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

“பின்னாடியே... வர்றேன்னு... சொல்ல... வாய் வரலம்மா.”