விடியலில் பிறந்த குட்டி

மடியருகே குட்டியை விட்டாலே குதிரை உதைத்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு கொல்லைப் பக்கமே பார்த்தது. கடற்கரையில் தறி நெய்கிற வீட்டிலிருந்து சும்பா தீவின் மேட்டு நிலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கஹிக்கு ஒன்றும் புரியவில்லை.

“யாரையும் கூப்பிடாத, பசிச்சா தானே குடிக்கும்” என்று சொல்லிவிட்டு, கொல்லையில் வாழைக்கன்று நட்ட மண் கையோடு ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தான் புருஷன் மெஹாங்.

மனசு கேட்காமல் பக்கத்து வீட்டு லாப்புவுக்குப் போன் போட்டாள். அவன் தன் குதிரையையும் பிடித்துக்கொண்டு வந்தான். அதன் மடியில் பால் சொட்டியது.

“நேத்து மேய்ச்சல்ல குட்டி போட்டுச்சு தங்கச்சி. நான் போறதுக்குள்ள குட்டியக் காணோம். நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். இதுகிட்ட விட்டுப் பாப்போம். அடுத்ததோட குட்டிய லேசுல சேக்காது, நீ தள்ளி நில்லு.”

அவன் குதிரை கனைத்தது. குட்டி ஓடிப் போய் மடியில் முட்டிக் குடித்தது. குதிரை அதை நக்கிக் கொடுத்தது.

லாப்பு குனிந்து குட்டியின் குளம்பைத் தடவினான்.

“எப்பப் பொறந்துச்சுன்ன?”

“விடியக்காலைல. அவருதான் கூட இருந்து பாத்தாரு.”

“இன்னைக்குப் பொறந்ததுன்னா குளம்பு மெத்துனு இருக்கும். இது நடந்து தேஞ்ச குளம்பு.” அவன் குரல் இறங்கியது. “அப்ப உங்க குதிரை போட்ட குட்டி எங்க?”

கஹி திரும்பிப் பார்த்தாள். அவள் குதிரை இன்னும் கயிற்றை இழுத்தபடி, அந்த வாழைக்கன்றையே பார்த்துக்கொண்டிருந்தது.