லூசான ஃப்யூஸ்

ஐம்பத்தெட்டு வயதில் டூரிங் பைக் வாங்கினேன். வாங்கிய பதினோரு நாளில், சுங்கை வேயில் பட்டறை வைத்திருக்கும் அய்யாவுவிடம் ஐந்து முறை போய்விட்டேன்.

"புது வண்டிண்ணே. ஒண்ணுமே இல்ல" என்றான், ஐந்தாவது முறையும்.

"சிக்னல்ல நிக்கும்போது டிக் டிக்னு ஒரு சத்தம் வருதே அய்யாவு?"

"அது இன்டிகேட்டர்ணே."

சிரிக்காமல்தான் சொன்னான். ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இதே மாடல் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நானூறு பேர். அதில் யாரோ ஒருவருக்கு எங்கேயோ ஒரு தடவை வண்டி நின்றுபோனதாம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது.

சனிக்கிழமை காலை, எங்கள் கோவில் ஆட்கள் நாற்பது பேர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பஸ்ஸில் கிளம்பத் தயாரானார்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்கு. நானும் என் மனைவி லூசியும் மட்டும் பைக்கில். கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை எஞ்சின் சத்தத்தையே உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். பின்னால் லூசி ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். அது காதில் விழவே இல்லை.

பஸ்காரர்கள் எல்லோரும் பைக்கைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பீரமாக ஸ்டார்ட்டரை அமுக்கினேன்.

சத்தமே இல்லை.

மறுபடியும் அமுக்கினேன். மீட்டரில் எல்லா விளக்கும் எரிந்தது. எஞ்சின் மட்டும் அசையவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல! இந்த வண்டியில ஏதோ இருக்குன்னு!"

பதினோரு நாள் பயந்தது நடந்துவிட்டதில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

லூசியின் தம்பி ரோனிதான் பஸ்ஸுக்குப் பொறுப்பு. "மச்சான், பின்னால ரெண்டு சீட்டு காலியா இருக்கு. மோட்டாரை இங்கயே பூட்டிட்டு வாங்கலா!" என்று கத்தினான். பஸ் ஜன்னல் முழுக்கத் தலைகள். யாரோ சிரித்தார்கள்.

அப்போது சாப்பாடு டெலிவரி செய்யும் பெண் ஒருத்தி பழைய கப்சாயை, அந்தச் சின்ன மோட்டாரை, ஓரமாக நிறுத்தினாள். நாற்பது வயதிருக்கும்.

"நான் பாக்கவா அங்கிள்?"

அவள் மோட்டாரைப் பார்த்தேன். பக்கக் கண்ணாடி டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"இது வேற மாதிரி வண்டிம்மா. எல்லாம் எலெக்ட்ரானிக். உனக்குத் தெரியாது."

"சும்மா பாக்குறேன் அங்கிள். டார்ச் இருக்கா?"

இருக்காவாவது! பக்கப் பெட்டிக்குள் ஒரு பட்டறையையே அடைத்து வைத்திருந்தேன். ஸ்பேனர், கயிறு, பம்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, அடியில் கிடந்த டார்ச்சை எடுத்து வந்தேன். அதற்குள் அவள் சீட்டைக் கழற்றி உள்ளே கையை விட்டிருந்தாள்.

அவள் போன் அடித்தது. "சோரி பாஸ், அஞ்சு நிமிஷம்" என்றாள். மறுபடியும் அடித்தது. மறுபடியும் சோரி.

சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் இங்கே படம் காட்டுகிறாள், காசுக்காக இழுக்கிறாள் என்று நினைத்தேன்.

"இங்க லைட் அடிங்க அங்கிள்... ஆங், ஃப்யூஸ் லூஸ். வண்டி குலுங்கினா இப்படி ஆகும். யார் மேலயும் தப்பு இல்ல. இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

ஒரே அமுக்கு. எஞ்சின் உறுமியது. பஸ்ஸே கைதட்டியது.

பத்து வெள்ளி நோட்டை நீட்டினேன். "வேணாம் அங்கிள். என் பேர்ல ஒரு மெழுகுவர்த்தி ஏத்துங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டாள்.

யார் மேலயும் தப்பு இல்லையாம்! அப்படி விட முடியுமா? அங்கேயே அய்யாவுக்குப் போன் போட்டேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்.

"லைட்டெல்லாம் எரியுது, ஸ்டார்ட் மட்டும் ஆகல. பாத்தா ஃப்யூஸ் லூஸ்! அஞ்சு தடவை வந்தேனே, அதைக்கூடப் பாக்கத் தெரியாதா உனக்கு?"

"நேத்துகூட பாத்தேனேண்ணே..." பஸ்ஸிலிருந்து யாரோ சிரித்தார்கள். "சரிண்ணே. என் தப்புதான்."

வழியில் தாப்பா ஓய்விடத்தில் பஸ்ஸும் நாங்களும் காப்பி குடிக்க நின்றோம். அங்கே ஃப்யூஸைப் பற்றி அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன்.

"மச்சான், ஃப்யூஸ் பாக்குறதுக்கு எப்படி இருக்கும்?" என்றான் ரோனி.

எனக்கும் தெரியாது. "அதெல்லாம் டெக்னிக்கல்" என்றேன்.

பிறகு தனியாக உட்கார்ந்து, அந்த நானூறு பேர் குழுவில் எழுத ஆரம்பித்தேன். 'நண்பர்களே, சுங்கை வே அய்யாவு பட்டறைக்கு யாரும் போகாதீர்கள்...'

எட்டிப் பார்த்த லூசி சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"அனுப்பாதீங்க."

"ஏன்?"

"ஃப்யூஸ் லூஸே இல்ல. கைப்பிடியில எஞ்சினை நிறுத்துற சிவப்பு சுவிட்ச் இருக்காமே, அதை நீங்களே கை தவறி அமுக்கி வச்சிருக்கீங்க. நீங்க டார்ச் எடுக்கத் திரும்பினப்பவே அந்தப் பொண்ணு அதைச் சரி பண்ணிடுச்சு."

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் எதுக்கு சீட்டைக் கழட்டினா? போன்ல வேற கஸ்டமர் விடாம கூப்பிட்டாரே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'பஸ்ஸே பாக்குது ஆன்டி. வெறும் சுவிட்ச்னு சொன்னா அங்கிளுக்கு அசிங்கமாயிடும்'னு சொல்லுச்சு."

எழுதியதை அழித்தேன். பைக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அய்யாவுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை ஸ்பீக்கர் போடவில்லை.

"அய்யாவு, அது ஃப்யூஸ் இல்லப்பா... சிவப்பு சுவிட்ச்."

"லைட்டெல்லாம் எரியுதுன்னு நீங்க சொன்னப்பவே சுவிட்ச்தான்னு தெரியும்ணே. பின்னால நிறைய ஆளுங்க சத்தம் கேட்டுச்சு. அதான் என் தப்புன்னு சொல்லிட்டேன்."