ஃபெயில் போட்டவர்

"பகலவன் சார் இருக்காருங்களா?"

வாசலில் ராஜசேகர். கம்பெனி இன்ஜினியர். கையில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம்.

அந்த வாயிலிருந்து என் மகனுக்கு 'சார்' வந்ததும் எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஒரகடத்தில் எங்கள் நிலத்தில்தான் அந்தக் கம்பெனி நிற்கிறது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். ஒரு கணக்குப் பரீட்சை வைத்தார்கள். பி.எஸ்சி. கணக்கு படித்த என் பிள்ளையைக் கணக்கில் ஃபெயில் என்று எழுதி அனுப்பியவர் இந்த ராஜசேகர். ஏழு வருஷம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

கம்பெனி கேட்டுக்கு எதிரே எனக்கு டீக்கடை. அங்கே இன்னும் நாலு கடை உண்டு. ஆனாலும் தினமும் என் கடைக்குத்தான் வருவார். அவருக்கு மட்டும் மூன்று முறை கொதித்த டீயைக் கொடுப்பேன். முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, "பையன் என்ன பண்றாருங்க?" என்பார்.

குத்திக் காட்டுகிறார் என்றே நினைப்பேன்.

ஒருநாள் பொறுக்காமல், "எம்.எஸ்சி. முடிச்சிட்டான். வூட்டு மாடியில டியூஷன் எடுக்கறான். நல்லாத்தான் கீறான்" என்றேன். அதற்கும் சிரித்தார்.

இப்போது வாசலில் நிற்கிறார்.

"இன்னா விஷயம் சார்?"

"எம்.டெக். சீட் கிடைச்சிருக்குங்க. படிப்பை விட்டுப் பதினெட்டு வருஷம் ஆச்சு. இன்டெக்ரேஷன் சுத்தமா மறந்துபோச்சு. திங்கக்கிழமை காலேஜ்ல கணக்கு டெஸ்ட். அதுல தேறலைன்னா சீட்டு போயிடும்."

அன்று சனிக்கிழமை.

"இங்க பன்னெண்டாவது பசங்கதான் படிக்குதுங்க."

"பரவாயில்லைங்க. அதுங்களோடயே பெஞ்சுல உட்காந்துக்கறேன்."

மாடியில் பிள்ளைகள் சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் பகலவன் இறங்கி வந்துவிடுவான். நான் கொடுக்கவில்லை.

"கணக்குல ஃபெயிலானவன்கிட்ட வந்து இன்னா சார் கத்துக்கப் போறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஷூ லேஸைக்கூடக் கட்டாமல் போய்விட்டார்.

டியூஷன் விட்டு மகன் இறங்கி வந்ததும் சொன்னேன்.

"உனக்கு ஃபெயில் போட்டவன் இன்னைக்கு நம்ம வாசப்படியில வந்து நின்னான்டா. திருப்பி அனுப்பிட்டேன்."

பகலவன் சிரிக்கவில்லை.

"இன்னா சொல்லி அனுப்பின?"

சொன்னேன். திங்கட்கிழமை டெஸ்ட்டையும் சொன்னேன். அவன் பைக் சாவியைத் தேடினான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"அவரு வூட்டுக்கு. ரெண்டு நாள்கூட முழுசா இல்ல."

"உன் பொழப்புல மண்ணைப் போட்டவன்டா அவன்."

சாவியோடு நின்றான். விரலெல்லாம் சாக்பீஸ் தூள்.

"நான் எல்லாக் கணக்கும் சரியாத்தான் போட்டிருந்தேன்ப்பா. கம்பெனி லைன்ல வேலைக்குப் போய் நின்னா மேல படிக்க முடியாது. வேலை வேணாம்னு சொன்னா நீ விடமாட்ட. அதான் அவரு ரூமுக்குப் போயி, ஃபெயில்னு போடுங்க சார்னு அழுதேன்."

"அதை அவரு ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கினேன். இத்தனை வருஷமா உன்கிட்ட சொல்ல எனக்குத்தான் தைரியமில்ல."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"இன்னைக்கு அவரு அந்த உண்மையைச் சொல்லியிருந்தா, நீயே அவரை மாடிக்குக் கூட்டினு வந்திருப்ப. அப்பவும் அவரு சொல்லலையேப்பா."