நாற்பது நிமிட உரையாடல்

கடற்பசு ஆய்வாளர் டாக்டர் பிரிசில்லாவுக்கு இணையதளம் வடிவமைத்த தாரிணி, முகப்பிலிருந்த அவரது கைபேசி எண்ணைத்தான் முதலில் நீக்கினாள். "பக்கத்தோட அழகையே கெடுக்குது டாக்டர். இனிமே தளத்துல உங்க ஏ.ஐ. உருவமே உங்க குரல்ல எல்லார்கிட்டயும் பேசும்."

முதல் வாரமே அந்த உருவத்தோடு ஓர் உரையாடல் நாற்பது நிமிடம் நீண்டிருந்தது. தாரிணி அதைப் பெருமையோடு டாக்டரிடம் திறந்து காட்டினாள்.

கடலிலிருந்து ஒரு மீனவர் கேட்டிருந்தார்: "வலையில கடல்பசு சிக்கிக்கிடுச்சும்மா. மூச்சுக்குத் தவிக்குது. நீங்க இல்லாம தொட்டா கேஸாயிடும். எப்ப வருவீங்க?"

"நான் எப்போதும் உங்களோடுதான் இருக்கிறேன்" என்றிருந்தது உருவம், தாரிணி எழுதிக்கொடுத்த கனிவோடு. பிறகு கடற்பசுவின் அருமை பெருமைகளை விளக்கத் தொடங்கியிருந்தது.

கடைசி வரி மீனவருடையது.

"இனி வரவேண்டாம்மா. மூச்சு அடங்கிடுச்சு."