கூடையில் இல்லாத சாமான்

எந்த நாட்டில் வேலை பார்த்தாலும் ஒரே மாதிரியான ஒரு கூடைச் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சம்பளம் என்று உலகம் முழுக்க விதி வந்துவிட்டது. அதற்கு முந்தின மாதம்தான் பனிமயத்தின் புருஷன் மிக்கேல், நல்ல சம்பளம் என்று நம்பி நார்வேக்கு மீன் பதனிடப் போயிருந்தான்.

ஆறு வருஷமாகிறது. தூத்துக்குடியில் கடை கடையாக ஏறி அந்தக் கூடைச் சாமான்களுக்கு அரசாங்கத்துக்காக விலை எழுதுவது பனிமயத்தின் வேலை. அரிசி, முட்டை, முடிவெட்டு, வாடகை. அவள் வாங்குவதையெல்லாம் அவனாலும் அங்கே வாங்க முடிந்தது. திரும்பி வர டிக்கெட்தான் வாங்க முடியவில்லை.

கூடைப் பட்டியல் போடுகிற அதிகாரியிடம் போய் நின்றாள். "சார், விமான டிக்கெட்டையும் கூடையில சேத்துட்டா, சம்பளத்துல அதுக்கும் இடம் வந்திரும்ல?"

அவர் கணினியில் பொறுமையாகத் தேடிப் பார்த்தார். "ஜனங்க வாங்குறதைத்தாம்மா சேர்க்க முடியும். ஆறு வருஷமா எந்த ஊர்லயும் யாரும் டிக்கெட் வாங்கலையே."

சாயங்காலம் ஃபோனில் மிக்கேல் கேட்டான். "அங்க ஒண்ணும் குறையில்லையே, புள்ள?"

கையிலிருந்த கூடைப் பட்டியலை அவள் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லைங்க. எல்லாம் இருக்கு."