வலது முன் ஸ்பிரிங்

மணல் மூட்டையை அவள் மறுபடியும் தூக்கிப் பார்த்தாள்.

கனம் அதிகம்.

கட்டை அவிழ்த்துச் சுவரோரம் இன்னும் கொஞ்சம் கொட்டினாள். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை முழங்காலுக்கு அடியில். காலையில் கட்டிலிலிருந்து அவனைத் தூக்குவது போலவே மூட்டையையும் தூக்கினாள்.

இன்னும் கனம்.

தராசு எதற்கு? தினம் தூக்குகிற கைக்குத் தெரியாதா?

வீட்டிலிருந்த எடை மெஷினை அவள் பரண்மேல் போட்டுப் பல மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்று நர்சுக்குக் கண்ணைக் காட்டிவிடுவாள். அவனும் கேட்டதில்லை. உடம்பு தேறி வருவதாகவே பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சு உடையாமல் இருக்க அவள் எந்தப் பொய்யும் சொல்லத் தயாராக இருந்தாள்.

பட்டறை வாசலில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நாற்காலி போட்டிருந்தாள். சால்வைக்குள் இருந்தான் நல்லசிவம், அவள் புருஷன். கண்கள் மூடியிருந்தன.

இருவருக்கும் நடுவில் கார்.

அந்தக் காலத்துப் பந்தயக் கார் மாதிரி. நீள மூக்கு. கூரை கிடையாது. இரண்டே சீட். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து இந்தப் பட்டறையில் கட்டியது. ஊரில் எல்லோரும் பிள்ளை பெறுகிறார்கள், இதுகள் இரும்பைப் பெற்று வைத்திருக்கிறதுகள் என்று அவன் சித்தி சொன்னது காதுக்கு வந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஊருக்கு வெளியே இருக்கிற பந்தய மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு சுற்று ஓட்டிக்கொள்ளச் சிநேகிதர் ஒருவர் ஏற்பாடு செய்திருந்தார்.

ஒரே ஒரு சுற்று. இந்த வருஷம் அவன் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

ஆனால் அது பழைய நல்லசிவத்துக்கு அமைத்த கார். அவன் ஏறி உட்கார்ந்தால் வலப்பக்கம் முன்னால் அமுங்கும். அதற்கு ஈடாக அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கை முறுக்கி உயர்த்தி வைத்திருந்தார்கள். இப்போது அவன் ஏறினால் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்டியரிங்கை இழுத்துப் பிடிக்க அந்தக் கையில் என்ன இருக்கிறது?

இந்த வேலைக்கு ஓட்டுகிறவர் சீட்டில் இருக்க வேண்டும். எப்போதும் அவன்தான் ராஜா மாதிரி உட்காருவான். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் அவள் கைதான் நுழையும். அவள் தரையில் கிடந்து ஸ்பிரிங்கின் வளையத்தைத் திருப்புவாள். மேலே அவன் மிக்சர் தின்றுகொண்டிருப்பான். தின்னாதீங்க, அளவு மாறுது என்று கத்துவாள். அவன் தொப்பைக்கு அளவெடுத்துத் தைத்த கார் இது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இன்று புதன்கிழமை. அந்தத் தாழ்ந்த சீட்டில் அவனை இறக்கி ஏற்றுகிற வேதனையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள். அதுவரைக்கும் மணல் மூட்டை போதும். அவனுடைய பழைய எடைக்கே மணல் போடுவதாகவும் சொல்லியிருந்தாள்.

மறுபடியும் கொட்டினாள்.

மறுபடியும் தூக்கினாள்.

இந்த முறை கைக்குச் சரியாக இருந்தது.

மூட்டையில் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். சுவரோரம் குவிந்திருந்ததை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள், அழுதால் அவனுக்குக் கேட்கும்.

மூட்டையைச் சீட்டில் வைத்தாள். சாய்ந்தது. நிமிர்த்தி பெல்ட்டைப் போட்டுவிட்டாள்.

பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றித் தரையில் படுத்து, சந்துக்குள் கையை விட்டாள். கொக்கி ஸ்பானரை வளையத்தின் பள்ளத்தில் மாட்டினாள்.

வாசலிலிருந்து அவன் என்ன செய்கிறாய் என்று கேட்டான்.

"ஸ்பிரிங் தொய்ஞ்சு போச்சுங்க. கொஞ்சம் முறுக்கி ஏத்தறேன்."

அவன் தலையசைத்தான்.

அவள் தளர்த்தினாள்.

ஒரு சுற்று. காரை இறக்கி, மூக்கை அமுக்கி விட்டு, முன்னும் பின்னும் தள்ளி, டேப் பிடித்துப் பார்த்தாள். வலப்பக்கம் இன்னும் உயரம். மறுபடியும் ஏற்றினாள். இன்னொரு சுற்று தளர்த்தினாள். மறுபடியும் இறக்கி அளந்தாள். பத்தவில்லை. எத்தனை தரம் ஏற்றி இறக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மூட்டை ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முறுக்கினால் அந்த ஸ்பிரிங் முனகும். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். கிரீஸ் வைத்தும் போகவில்லை. உன்னை மாதிரியே முனகுகிறது என்று அவன் கிண்டல் செய்வான். தளர்த்தினால் மட்டும் சத்தமே வராது. இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

இன்று அது ஒரு தடவைகூட முனகவில்லை.

தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். அவன் அசையவில்லை. கண்கள் மூடியே இருந்தன. தூங்கியிருப்பான். தூங்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அளந்த இடத்திலேயே நிற்பதற்குப் பூட்டு வளையத்தை இறுக்க வேண்டும். ஸ்பானரை எடுத்தாள்.

"அம்மிணி."

அவள் கை நின்றது.

"இன்னும் ஒரு சுத்து தளத்தி வுடு. ஓட்டறது இன்னைக்கு இல்லியே, ஞாயித்துக்கிழமைதானே."

குரலில் கோபம் இல்லை. வேலை சொல்கிற குரல்.

அவள் ஸ்பானரைத் தரையில் வைத்தாள். வெளியே வந்தபோது அவன் கண்ணைத் திறந்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். அவன் பார்க்கவே, மூட்டையின் கட்டை அவிழ்த்தாள்.